அளக்காத நேரத்தில் கரையும் பேட்டரி

புஞ்சாக் ஆலாமின் மேட்டு நிலத்தை விட்டு வடக்கே போய், பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டினால் மண் மாறிவிடும். கால் வைத்தால் அமுங்கும் கறுப்பு மண், தானா காம்புட். பாதி மக்கிய மரமும் இலையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரில் ஊறிச் சேர்ந்த நிலம் அது. ராஜா மூசா, சுங்கை காராங் காடுகள் இந்த நிலத்தில்தான் நிற்கின்றன. காட்டை ஒட்டிச் செம்பனைத் தோட்டங்கள், தோட்டங்களுக்குள் நூல் பிடித்தாற்போல் வெட்டிய வாய்க்கால்கள். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை ஹென்ரி ஃபோக்கோனியே 1917இல் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியதும் இதே வட்டாரத்தில்தான்.

காம்புட் நிலத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஓர் அளவு: தரைக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டரில் தண்ணீர் நிற்கிறது என்பது. ஆர்எஸ்பிஓ எனப்படும் செம்பனை எண்ணெய் வட்டமேசை அமைப்பின் வழிகாட்டுதல், நிலத்தடிக் குழாயில் அளந்தால் சராசரி 50 சென்டிமீட்டர், அதாவது 40க்கும் 60க்கும் இடையில் இருக்கவேண்டும் என்கிறது. வாய்க்காலில் அளந்தால் 50 முதல் 70 வரை. நீர் அதற்கு மேலே ஏறினால் வேர் மூச்சுத் திணறும். கீழே இறங்கினால் மண் காய்ந்து, தாழ்ந்து, கடைசியில் தீப்பிடிக்கும். 2014இன் தொடக்கத்து வறட்சியில் ராஜா மூசா பக்கம் அப்படித்தான் நிலமே எரிந்தது. சிலாங்கூர் வனத்துறையும் குளோபல் என்விரான்மென்ட் சென்டரும் 2008 முதல் அங்கே பழைய வாய்க்கால்களை அடைத்து நிலத்தை மறுபடி நனைத்து வருவதற்குக் காரணம் இதுதான்.

இந்த அளவை எடுக்கும் பழைய முறை எளிது. ஓட்டை போட்ட பிவிசி குழாயை மண்ணில் இறக்கி, அதற்குள் அளவுநாடா விட்டுப் பார்த்து நோட்டில் எழுதுவார்கள். ஆள் போகாத நாளில் கணக்கும் இருக்காது. அதே குழாய்க்குள் அழுத்தச் சென்சார் ஒன்றைத் தொங்கவிட்டு, மேலே ஒரு பெட்டியில் மைக்ரோகன்ட்ரோலரும் ரேடியோவும் வைத்தால் நீர்மட்டம் தானாகவே அலுவலகத்துக்கு வந்துவிடும். சிக்கல் மின்சாரத்தில் இருக்கிறது. மின் நிறுவனமான தெனாகாவின் கம்பி குடியிருப்போடும் ஆலையோடும் நின்றுவிடும். வளர்ந்த செம்பனையின் மட்டைகள் வெயிலை மறைப்பதால் சோலார் தகடும் பாதி நாள் பட்டினி கிடக்கும். பேட்டரியை நம்பித்தான் ஆகவேண்டும். இந்த அத்தியாயம் அந்த பேட்டரி ஒன்றேகால் நாளில் தீராமல் ஒரு வருடத்துக்கும் மேல் ஓடுவதற்கான வழிகளைப் பற்றியது.

மாதிரி எடுப்பது என்றால் என்ன? சென்சார் தரும் வோல்டேஜ் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏடிசி என்கிற மாற்றி ஒரு கணத்தில் அதைப் பிடித்து, தனக்குள் இருக்கும் மிகச்சிறிய கெப்பாசிட்டரில் நிறுத்தி, எண்ணாக மாற்றித் தரும். ஆர்டுயினோ பலகைகளில் பரவலாக இருக்கும் ஏடிமெகா328பி சிப்பில் இந்த வேலைக்கு ஏடிசி கடிகாரத்தின் 13 துடிப்புகள் ஆகும். 125 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால் அது 104 மைக்ரோவினாடி. கால் மணிக்கு ஒன்று என நாளுக்கு 96 மாதிரி எடுத்தாலும் மொத்தம் 10 மில்லிவினாடிதான். ஒரு நாளில் மீதமிருக்கும் 86,399.99 வினாடியில் மின்சாரம் எங்கே போகிறது என்று தேடுவதே சேமிப்பின் முக்கால் பங்கு வேலை.

ஏடிசியை நொந்து பயனில்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்துக் குழு 2008இல் காட்டிய 10 பிட் மாற்றி ஒன்று, வினாடிக்கு 10 லட்சம் மாதிரி எடுத்தபோதும் 1.9 மைக்ரோவாட்தான் குடித்தது. கடையில் சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் சிப் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், அதைச் சுற்றியிருக்கும் மற்றவற்றோடு ஒப்பிட்டால் அது சிக்கனமானதே. செலவாளிகள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

அவர்களைக் கண்டுபிடிக்க, எப்போதும் விழித்தே இருக்கும் ஒரு கருவியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரி 3.7 வோல்ட், 3000 மில்லி ஆம்பியர் மணி. நீரில் மூழ்கும் சென்சார் தொழிற்சாலைகளில் பழகிய 4–20 மில்லி ஆம்பியர் வகை, அதற்கு 24 வோல்ட் வேண்டும். நடுநிலையில் அது 12 மில்லி ஆம்பியர் எடுக்கும், அதாவது 0.288 வாட். 3.7 வோல்ட்டை 24 ஆக உயர்த்தும் பூஸ்ட் பலகை 85 சதவீதத் திறனுடன் வேலை செய்கிறது என்று வைத்தால், பேட்டரியிலிருந்து போவது சுமார் 92 மில்லி ஆம்பியர். மைக்ரோகன்ட்ரோலர் விழித்திருக்க 5, ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் சும்மா இருப்பதற்கே 5, பலகையின் சிவப்பு விளக்குக்கு ஒன்று அல்லது இரண்டு. பேட்டரி வோல்டேஜைப் பார்க்க வைத்த இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் 0.2, ஏடிஎஸ்1115 ஏடிசி 0.15. கூட்டினால் 104 மில்லி ஆம்பியருக்குக் கிட்டே. 29 மணி நேரத்தில் பேட்டரி காலி. இந்தப் பட்டியலில் ஏடிசி கடைசி வரியில் இருக்கிறது.

கணக்கு காகிதத்தில் இருந்தால் போதாது, அளந்து பார்க்கவேண்டும். மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியர் வரம்பில் நேரடியாக இணைத்தால் கருவி விழிக்கும் கணத்தில் மீட்டரிலேயே வோல்டேஜ் விழுந்து, மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகிவிடும். சிலசமயம் மீட்டரின் ஃபியூஸும் போய்விடும். இதற்கு நல்ல வழி, பேட்டரிக் கம்பியில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு, அதன் இரு முனையையும் ஒரு ஜம்பரால் குறுக்கிணைத்து வைப்பது. கருவி விழித்து வேலை முடித்து உறங்கிய பின் ஜம்பரைக் கழற்றவேண்டும். அப்போது ரெசிஸ்டரின் குறுக்கே 10 மில்லிவோல்ட் தெரிந்தால் உறக்கச் செலவு 10 மைக்ரோ ஆம்பியர். மறுபடி விழிப்பதற்குள் ஜம்பரைத் திரும்பப் போட்டுவிடவேண்டும். விழித்திருக்கும் நேரத்தைப் பார்க்க 1 ஓம் ரெசிஸ்டரும் ஆசிலாஸ்கோப்பும் போதும்.

அளந்து பார்த்ததும் முதலில் மாட்டுவது பலகையின் சில்லறைச் செலவுதான். ப்ரோ மினி போன்ற ஆர்டுயினோ பலகையில் மின்விளக்கையும் ரெகுலேட்டரையும் சூடு காட்டி எடுத்துவிட்டு, எம்சிபி1700 போன்ற ஒன்றைப் போட்டால் ரெகுலேட்டரின் சொந்தச் செலவு 5 மில்லி ஆம்பியரிலிருந்து 1.6 மைக்ரோ ஆம்பியருக்கு இறங்கும். அதற்கு உள்ளே வரும் வோல்டேஜ் 6ஐத் தாண்டக்கூடாது. ஒற்றை லித்தியம் பேட்டரியோடு அந்தக் கவலை இல்லை. ஊனோ பலகையை இந்த வேலைக்கு எடுப்பதே வீண்.

5 வோல்ட் பலகையை விட்டு 3.3 வோல்ட் பலகைக்கு மாறுவதற்கும் வலுவான காரணம் உண்டு. சென்னையில் பிறந்து இன்று எம்ஐடியில் இருக்கும் அனந்த சந்திரகாசன், பெர்க்லியில் மாணவராக இருந்தபோது 1992இல் தம் ஆசிரியரோடும் சக மாணவர் ஒருவரோடும் எழுதிய கட்டுரை மின்சிக்கனச் சுற்றுத் துறையின் அடிக்கல்களில் ஒன்று. எண்முறைச் சுற்றின் செலவு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், சேமிக்க நினைப்பவர் முதலில் கைவைக்க வேண்டியது வோல்டேஜில் என்பது அதன் மையக் கருத்து. 5இலிருந்து 3.3க்கு இறங்கினால் செலவு 44 சதவீதமாகும். 16 மெகாஹெர்ட்ஸை 8 ஆக்கினால் அதிலும் பாதி.

பிறகு உறக்கம். ஏடிமெகா328பி முழு உறக்கத்தில், தன்னை எழுப்பும் வாட்ச்டாக் டைமர் மட்டும் ஓட, 3 வோல்ட்டில் 4 மைக்ரோ ஆம்பியரை ஒட்டித்தான் எடுக்கும். ஆனால் உறங்கப் போகுமுன் ஏடிசியை நிரலில் அணைக்க மறந்தால் இருநூறு முந்நூறு மைக்ரோ ஆம்பியர் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். வாட்ச்டாக்கின் உள்கடிகாரம் சூட்டுக்கு ஏற்பத் தடம் மாறக்கூடியது; நேரம் துல்லியமாக வேண்டுமென்றால் டிஎஸ்3231 கடிகாரச் சிப் நல்லது. அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அதன் முதன்மை மின்முள்ளில் எப்போதும் மின்சாரம் இருந்தால் நூறு மைக்ரோ ஆம்பியர் வரை எடுக்கும். பேட்டரி முள்ளில் மட்டும் ஊட்டினால் சராசரி 1 மைக்ரோ ஆம்பியருக்குக் கீழே இறங்கிவிடும். மலிவுப் பலகையாக வரும் டிஎஸ்3231இலும் ஒரு விளக்கு எரியும், அதையும் எடுக்கவேண்டும்.

இவ்வளவு செய்தும் 92 மில்லி ஆம்பியர் குடிக்கும் சென்சார் அப்படியே இருக்கிறது. அங்கேதான் இந்த அத்தியாயத்தின் கனமே.

சென்சாருக்கு மாதிரி எடுக்கும் நேரத்தில் மட்டும் மின்சாரம் கொடுக்கவேண்டும். மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு முள் தாழ்ந்தால் திறந்து, உயர்ந்தால் மூடும் பி-சேனல் மோஸ்ஃபெட் போதும். எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எம்டி3608 போன்ற பூஸ்ட் பலகையில் சிப்பை அணைக்கும் முள் உண்டு. அதைத் தாழ்த்தினால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியாது. பூஸ்ட் சுற்றில் பேட்டரியிலிருந்து இண்டக்டர், டயோடு வழியாக வெளிமுனைக்கு நேர்வழி ஒன்று எப்போதும் திறந்தே இருக்கிறது. சிப் உறங்கினாலும் டயோடில் விழும் கொஞ்சம் போக பேட்டரி வோல்டேஜ் அப்படியே சென்சாருக்குப் போய்க்கொண்டிருக்கும். பலகையின் வெளிமுனையில் வோல்டேஜை நிர்ணயிக்கும் ரெசிஸ்டர்களும் அதில் பங்கு கேட்கும். எனவே மோஸ்ஃபெட்டைப் பூஸ்ட் பலகைக்கு முன்னால், பேட்டரிப் பக்கம் வைத்து முழுப் பலகையையும் துண்டிக்கவேண்டும்.

அடுத்தது அதே பலகையின் வெளிமுனையில் நிற்கும் கெப்பாசிட்டர். வோல்டேஜ் அலைபாயாமல் இருக்கட்டும் என்று 1000 மைக்ரோ ஃபாரட் போடும் பழக்கம் பரவலாக உண்டு. எப்போதும் ஓடும் சுற்றில் அது தீங்கில்லை. கால் மணிக்கு ஒருமுறை அணைத்து எழுப்பும் சுற்றில் ஒவ்வொரு முறையும் அதைக் காலியிலிருந்து 24 வோல்ட்டுக்கு நிரப்பவேண்டும். ஒரு தடவைக்கு 0.288 ஜூல், 96 தடவைக்கு 27 ஜூலுக்கும் மேல். பேட்டரிக் கணக்கில் நாளுக்கு 2 மில்லி ஆம்பியர் மணி, பூஸ்ட் பலகையின் இழப்பு தனி. பின்னால் வரும் கணக்கைப் பார்த்தால் தெரியும், இது கருவியின் மற்ற எல்லாச் செலவையும் விட அதிகம். 22 மைக்ரோ ஃபாரட் போதும் என்று ஆசிலாஸ்கோப் சொன்னால், அங்கே 22ஐத்தான் போடவேண்டும்.

இனி, மின்சாரம் கொடுத்தபின் எவ்வளவு நேரம் காத்திருப்பது? சென்சார் எழுந்ததும் முதலில் தருவது பொய்யளவு. உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் நிலைபெறக் கொஞ்சம் நேரம் வேண்டும், அது சென்சாருக்குச் சென்சார் மாறும். கையேட்டில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாமல் மேசையிலேயே பார்த்துவிடலாம். சென்சாரை ஒரு குழாய்த் தண்ணீரில் அசையாமல் நிறுத்தி, மின்சாரம் கொடுத்த கணத்திலிருந்து 5 மில்லிவினாடிக்கு ஒரு மாதிரியாக ஒரு வினாடிக்கு எடுத்து அச்சிடவேண்டும். எண்கள் ஏறி, மெல்ல வளைந்து, ஓரிடத்தில் படிந்து நிற்கும். அந்த இடம் 100 மில்லிவினாடியில் வந்தால் 150 வைத்துக்கொள்ளலாம். இதைக் காலைக் குளிரில் ஒருமுறையும், பெட்டி வெயிலில் காய்ந்தபின் ஒருமுறையும் செய்வது நல்லது. அரை வினாடி என்று குத்துமதிப்பாக வைத்தவருக்கும் 150 மில்லிவினாடி என்று அளந்து வைத்தவருக்கும் சென்சார் செலவில் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் வரும்.

காத்திருக்கும் அந்த நேரத்தில் மைக்ரோகன்ட்ரோலர் விழித்திருக்கத் தேவையில்லை. சென்சாரை எழுப்பிவிட்டு அது குட்டித்தூக்கம் போடலாம், வாட்ச்டாக் 120 மில்லிவினாடியில் தட்டி எழுப்பும்.

மாதிரியின் துல்லியத்தையும் தேவையோடு பொருத்தவேண்டும். 5 மீட்டர் வரம்புள்ள 4–20 சென்சாரில் ஒரு சென்டிமீட்டர் நீர் என்பது 0.032 மில்லி ஆம்பியர். 150 ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே அது 4.8 மில்லிவோல்ட். ஏடிமெகாவின் 10 பிட் ஏடிசியில் 3.3 வோல்ட்டைப் பங்கிட்டால் ஒரு படி 3.2 மில்லிவோல்ட், ஒரு சென்டிமீட்டருக்கு ஒன்றரைப் படிதான். தொடர்ந்து 16 மாதிரி எடுத்துக் கூட்டினால், சிக்னலில் இயல்பாக இருக்கும் சிறு நடுக்கத்தின் துணையால் இன்னும் 2 பிட் கிடைக்கும். அதற்கு ஆகும் கூடுதல் நேரம் 2 மில்லிவினாடிக்குள். 40க்கும் 60க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்க்கும் வேலைக்கு இது தாராளம். 16 பிட் சிப்பைத் தனியாக வைப்பதில் லாபம் வேறு: ஏடிஎஸ்1115 தன் ஒப்பீட்டு வோல்டேஜைத் தானே வைத்திருப்பதால் ரெகுலேட்டர் சூட்டில் நகர்ந்தாலும் அளவு நகராது. அதை வைப்பவர் ஒற்றை மாதிரி முறையில் ஓட்டவேண்டும். ஒரு மாதிரி எடுத்ததும் அது தானே 0.5 மைக்ரோ ஆம்பியருக்கு அடங்கிவிடும். தொடர் முறையில் விட்டால் 150. இந்தச் சிப் டெல்டா-சிக்மா வகை. உலகெங்கும் பொறியாளர்கள் இந்த வகையைப் படிக்கும் பாடநூலின் 2017 பதிப்பை எழுதிய மூவரில் ஒருவர் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் சாந்தி பவன்.

வெப்பம் அளக்கும் தெர்மிஸ்டருக்கும் அளக்கும்போது மட்டும் மின்சாரம் என்ற அதே விதி, கூடவே ஒரு சலுகை. 10 கிலோ ஓம் தெர்மிஸ்டரோடு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை 3.3 வோல்ட்டில் நிரந்தரமாகத் தொங்கவிட்டால் 165 மைக்ரோ ஆம்பியர், அதாவது உறங்கும் கருவி முழுவதும் எடுப்பதைப் போல் பதினாறு மடங்குக்கும் மேல். அந்த இணையை மைக்ரோகன்ட்ரோலரின் ஒரு முள்ளிலிருந்தே ஊட்டினால், அளக்கும்போது மட்டும் அதை உயர்த்தினால் போதும். ஏடிசிக்கும் அதே வோல்டேஜே ஒப்பீடாக இருப்பதால் பேட்டரி இறங்கினாலும் விகிதம் மாறாது. தெர்மிஸ்டர் தன் சூட்டில் தானே காய்ந்து பொய் சொல்வதும் நின்றுவிடும்.

ஆம்ப்ளிஃபயர் தேவைப்படும் சுற்றுகளில் எல்எம்358ஐக் கைப்பழக்கத்தில் எடுத்துவிடக்கூடாது. அது மில்லி ஆம்பியரை ஒட்டிக் குடிக்கும். எம்சிபி6041க்கு 0.6 மைக்ரோ ஆம்பியர் போதும். மெதுவானதுதான், ஆனால் நிலத்தடி நீரும் மெதுவானதே.

பேட்டரி வோல்டேஜைப் பார்க்கும் ரெசிஸ்டர் இணைக்கு எல்லாரும் சொல்லும் யோசனை, 10 கிலோவுக்குப் பதில் 1 மெகா ஓம் போடுவது. 210 மைக்ரோ ஆம்பியர் இரண்டாகச் சுருங்கும். ஆனால் ஏடிமெகாவின் ஏடிசி 10 கிலோ ஓமுக்குள் இருக்கும் மூலத்தை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. உள்ளே இருக்கும் 14 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டர் அவ்வளவு பெரிய தடை வழியே உரிய நேரத்தில் நிரம்பாது, அளவு தப்பும். ஏடிசி முள்ளில் 100 நானோ ஃபாரட் ஒன்றை நிலத்துக்குப் போட்டால் அதுவே தொட்டியாக நின்று உள்கெப்பாசிட்டரை நொடியில் நிரப்பிவிடும். இதுவரை புத்தகப் பாடம். காம்புட் காட்டின் பாடம் வேறு. விடியற்காலை ஈரம் பெட்டிக்குள் பனித்து, பலகையில் துடைக்காமல் விட்ட ஃபிளக்ஸோடு சேர்ந்தால், அதுவே சில மெகா ஓம் ரெசிஸ்டராக மாறி 1 மெகா ஓம் இணையின் அளவைக் கெடுக்கும். இந்த வட்டாரத்துக்கு 100 கிலோ ஓம் இணையை மோஸ்ஃபெட் வழியாகத் தேவையானபோது மட்டும் இணைப்பதே நம்பகமானது. சால்டர் முடிந்ததும் பலகையை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் கழுவி, ஈரம் புகாத பூச்சு அடித்துவிடவேண்டும்.

துண்டித்த பாகத்துக்குள்ளும் மின்சாரம் பின்வாசல் வழியாக நுழையும். சென்சாருக்கோ வெளி ஏடிசிக்கோ மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அதனோடு பேசும் முள்ளை உயர்ந்த நிலையிலேயே விட்டால், சிப்பின் பாதுகாப்பு டயோடு வழியே அது முள்ளிலிருந்தே உறிஞ்சிக் குடிக்கும். அணைத்தபின் அந்த முள்களைத் தாழ்த்தவேண்டும். ஐ2சி கம்பிகளின் புல்-அப் ரெசிஸ்டர்களையும் துண்டிக்கப்படும் பக்கத்து மின்சாரத்தோடுதான் இணைக்கவேண்டும். அனலாக் முள்களின் எண்முறை உள்வாயிலை நிரலில் மூடுவதும் இதே வரிசை. பாதி வோல்டேஜில் நிற்கும் முள்ளில் அந்த வாயில் வீணாக மின்சாரம் இழுக்கும்.

எத்தனை முறை மாதிரி எடுப்பது என்ற கேள்விக்கு நிலமே பதில் சொல்லும். வறண்ட நாளில் காம்புட் நீர்மட்டம் மெல்லத்தான் இறங்கும், மணிக்கு ஒரு மாதிரி போதும். பெருமழையில் அது சில மணி நேரத்திலேயே தாவிவிடும். இரண்டுக்கும் ஒரே இடைவெளி வைப்பவர் ஒன்று மழையைத் தவறவிடுவார் அல்லது பேட்டரியை வீணாக்குவார். வாளி சாயும் மழைமானியை இணைத்தால் இந்த முடிச்சு அவிழும். அதற்குள் இருப்பது காந்தத்தால் மூடும் சிறு சுவிட்ச்; மழை இல்லாதபோது அது மின்சாரமே எடுக்காது. வாளி சாய்ந்தால் மைக்ரோகன்ட்ரோலர் விழிக்கும், அடுத்த சில மணி நேரத்துக்குக் கால் மணிக்கு ஒன்றாக மாதிரி எடுக்கும், மழை ஓய்ந்தபின் பழைய மணிக்கணக்குக்குத் திரும்பும்.

இடைவெளியைக் கூட்டிச் சேமிக்க நினைப்பவர் காற்றழுத்தத்தையும் மறக்கக்கூடாது. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும், முற்பகல் 10 மணியை ஒட்டியும் இரவு 10 மணியை ஒட்டியும் உச்சம். மாற்றம் 3, 4 ஹெக்டோபாஸ்கல் இருக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கல் ஒரு சென்டிமீட்டர் தண்ணீருக்குச் சமம். காற்றுக்குழாய் இல்லாத சென்சார் இதை நீர்மட்டம் என்றே எண்ணி 4 சென்டிமீட்டர் பொய் சொல்லும். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள அனுமதி எல்லையில் அது சிறிய பொய் இல்லை. கேபிளுக்குள் காற்றுக்குழாய் உள்ள சென்சார் வாங்குவது ஒரு வழி. இல்லையென்றால் பெட்டிக்குள் காற்றழுத்தச் சிப் ஒன்றையும் வைத்துக் கழிக்கவேண்டும். எம்எஸ்5837 போன்ற அழுத்தச் சிப்கள் 3.3 வோல்ட்டிலேயே ஓடி, ஏடிசியையும் தமக்குள் வைத்துக்கொண்டு, மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் செலவு செய்கின்றன. புதிதாகத் தொடங்குபவர் 24 வோல்ட் சென்சாரை வாங்குமுன் இவற்றையும் பார்க்கவேண்டும். காம்புட் நீரின் அமிலத்தைத் தாங்கும் உறை கிடைத்தால் பூஸ்ட் பலகையே தேவைப்படாது.

இப்போது முதல் கணக்கைத் திருத்திப் போடலாம். கால் மணிக்கு ஒரு மாதிரி, சென்சார் விழிப்பது 150 மில்லிவினாடி: நாளுக்கு 0.37 மில்லி ஆம்பியர் மணி. மைக்ரோகன்ட்ரோலர் விழிக்கும் நேரத்துக்குத் தாராளமாக 0.08. மணிக்கு ஒருமுறை லோரா ரேடியோவில் 0.4 வினாடி அனுப்ப, எஸ்எக்ஸ்1276 சிப் 17 டிபிஎம் அளவில் 87 மில்லி ஆம்பியர் எடுப்பதால், 0.23. எல்லாம் உறங்கும்போது 10 மைக்ரோ ஆம்பியர் என்று வைத்தால் 0.24. மொத்தம் நாளுக்கு 0.92. அதே 3000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி காகிதத்தில் ஏறக்குறைய ஒன்பது ஆண்டு வரும். பேட்டரி தானே கரைவதும், வெயிலும், வயதும் அதில் பெரும் பகுதியைத் தின்றுவிடும். இரண்டு ஆண்டு என்று திட்டமிட்டு, அதற்குள் மாற்றிவிடுவது தோட்டத்து வேலைக்குப் பொருத்தம். இந்தப் பட்டியலிலும் சென்சாரே முதலிடத்தில் இருப்பதைக் கவனிக்கவேண்டும். மழைமானியை நம்பி வறண்ட நாளில் மணிக்கு ஒன்றாக்கினால் அந்த வரி 0.09 ஆகும், அதன் பிறகுதான் ரேடியோவில் சேமிப்பதைப் பற்றி யோசிப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

பெட்டியை வைக்கும் நாளில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு, கேபிள் நுழையும் துளையை எறும்பு புகாமல் அடைக்கவேண்டும். குழாயைக் கடினத் தரை வரை இறக்கி ஊன்றுவதும் அவசியம். காம்புட் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்வதால், ஆண்டுக்கொருமுறை குழாயின் வாயிலிருந்து தரை வரை நாடா பிடித்து, புதிய அளவை நிரலில் ஏற்றவேண்டும். அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் நீர்மட்டத்தோடு இரண்டு எண்கள் கூடப் போகட்டும்: ரேடியோ பேசும் கணத்தில் எடுத்த பேட்டரி வோல்டேஜ், முந்தைய செய்திக்குப் பின் கருவி மொத்தம் விழித்திருந்த நேரம். வோல்டேஜை உறக்கத்தில் அளந்தால் சாகக் கிடக்கும் பேட்டரியும் நலமாகவே தெரியும், சுமையில் அளந்தால்தான் உண்மை வரும். விழித்திருந்த நேரம் ஏறினால் நிரலிலோ சென்சாரிலோ கோளாறு. அது ஏறாமல் வோல்டேஜ் மட்டும் வேகமாக இறங்கினால் மின்சாரம் உறக்கத்தில் கசிகிறது. அப்போது முதலில் மழைமானியைத் திறந்து, வாளி பாதிச் சாய்வில் சிக்கிச் சுவிட்ச் மூடியே கிடக்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்த நிலையில் உள்புல்-அப் வழியாக நூறு மைக்ரோ ஆம்பியர் ஓயாமல் ஓடும். வாளி சரியாக இருந்தால் அடுத்து பலகையில் ஈரம் படிந்திருக்கிறதா என்று பார்த்து, அதுவும் இல்லையென்றால் பேட்டரியை மாற்றலாம்.